மூக்கில்லாத வைரவர்

குகதாசன் திரும்பிப் பார்த்தபோது, அறுநூறு வருடமாகச் செத்துக் கிடக்கிற ஓர் ஆங்கிலப் பிரபுவின் கழுத்தில் ஐம்பத்தொரு உளுந்து வடை கிடந்தது.

அதற்கு ஒரு நிமிடம் முன்பு வரை அவர் அந்தக் கல்லறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டைகளின் சுழல்படிகள் ஏன் வலப்பக்கமாகவே சுற்றி ஏறுகின்றன என்று பதின்மூன்று பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த இடம் கோட்டை அல்ல. கிழக்கு லண்டனில், எப்போதோ இடிபட்டுப்போன ஓர் அபேயில், துறவிகள் மடத்தில், மிஞ்சிய தேவாலயம். சுழல்படி என்று அங்கே ஒரு படிகூட இல்லை. ஆனால் குகதாசனுக்குத் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம்தான். அவற்றைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று பேரும் தன் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலால் எதையோ பார்க்கிறார்கள் என்பது பிந்தித்தான் அவருக்கு உறைத்தது.

வடைமாலையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றவர் அவருடைய மனைவி சிவமலர்.

இதில் சிவமலரின் பிழை ஒன்றுமில்லை. பிழை முழுக்கக் குகதாசனுடையது. அதுவும் ஆறு மாதப் பழசு.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடக்கத்தில், தென் லண்டனில், சட்டனில், தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிற பெற்றோர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கேயாவது சேர்ந்து போவது என்று முடிவெடுத்தார்கள். கோட்டை, மியூசியம், அபே என்று எதுவானாலும் சரி, வீட்டில் வீடியோ பார்த்துக்கொண்டு கிடக்காமல் இருந்தால் போதும். வழிகாட்டி யார் என்று கேட்டபோது எல்லோரும் குகதாசனைப் பார்த்தார்கள். அவரிடம் கோட்டைகளைப் பற்றிப் பழம்புத்தகம் ஒன்று இருந்தது. அதில் முதல் அறுபது பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். ஆகவே குகதாசனின் ஆங்கில வரலாறு எப்போதும் நடுவிலிருந்துதான் தொடங்கும். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைஞராக இருந்தவர் என்பதால், ஒரு சுவரைப் பார்த்தால் எத்தனை அடி தடிப்பு என்று மட்டும் சரியாகச் சொல்வார். மற்ற நாட்களில் நோர்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்தப் பம்ப் என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே யாருக்கும் சுவரின் தடிப்புத் தேவைப்படவில்லை.

புத்தகத்தில் இல்லாததைப் பகிடியால் நிரப்புவது அவருடைய வழக்கம். மியூசியத்தில், இந்தத் தீவின் பழங்குடிகளான கெல்டியரின் பெரிய வெண்கலப் பாத்திரத்தைக் காட்டி, இது கலியாண வீட்டுச் சோற்று அண்டா, கொண்டுபோனவன் திருப்பித் தரவில்லை என்றார். இந்தக் கெல்டியர் யார் என்று கேட்டதற்கு, "எங்கட ஆக்கள்தான். அடிச்சுக் கலைக்க, தீவின்ர ஒரு மூலைக்குப் போய்ச் சேந்தவை" என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்தார்கள்.

மார்ச் மாதம் முதல் தடவை இந்தத் தேவாலயத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பகிடி பிறந்தது. சேர் ஜெஃப்ரி என்ற பிரபு, வெண்ணெய் நிறக் கல்லில் இரும்பு உடுப்போடு மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சின்மேல் இரண்டு கையும் கூப்பியிருந்தன. மூக்கை யாரோ எந்தக் காலத்திலோ உடைத்துவிட்டார்கள். கால் வைத்திருந்த இடத்தில் ஒரு சின்ன நாய் சுருண்டு கிடந்தது. ஏன் நாய் என்று யாரோ கேட்டார்கள். அது அந்தக் கிழிந்த அறுபது பக்கத்துக்குள் இருந்திருக்க வேண்டும்.

"தெரியேல்லையோ?" என்றார் குகதாசன். "நாயை வாகனமா வைச்சிருக்கிறது ஆர்? வைரவர். இவர் லண்டன் வைரவர். கேட்டதைக் குடுப்பார். ஆனா வடைமாலை போடவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவமலர் சிரிக்கவில்லை. ஆனால் பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் சிவமலர் சிரிக்காத பகிடிகளின் தொகை மிகப் பெரியது என்பதால் குகதாசன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மற்றவர்கள் வாசலில் இருந்த உடைந்த கெல்டியச் சிலுவையைப் பார்க்கப் போன பிறகும் சிவமலர் மட்டும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

இப்போது, செப்டெம்பர் கடைசியில், அந்தப் பகிடி கோர்த்த மாலையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வடை உடையாமல், நூலில் வரிசையாக. விடியற்காலை குசினியில் கேட்ட சத்தமும், றெயினில் மடியை விட்டு இறக்காத அந்தப் பிளாஸ்ரிக் வாளியும் எதற்கென்று குகதாசனுக்கு இப்போதுதான் விளங்கியது. மத்தியானச் சாப்பாடு என்று நினைத்து வழி முழுக்க வாயூறிக்கொண்டு வந்திருந்தார்.

உடனே மாலையைக் கழற்றியிருக்கலாம். ஆனால் அதற்குள் டொக்டர் குருமூர்த்தி முன்னுக்கு வந்துவிட்டார். கும்பகோணத்துக்காரர், சட்டனில் வைத்தியராக இருக்கிறவர், எதிலும் நுட்பம் பார்க்கிறவர்.

"குகதாசன் சார், ஒரு சந்தேகம். வடைமாலை ஆஞ்சநேயருக்குத்தானே?"

"எங்கட பக்கம் வைரவருக்கு, டொக்டர்."

"ஆமா, ஆனா நம்ம ஊர்ல பைரவருக்கு வேற மாதிரி..."

டொக்டரின் மனைவி கல்யாணி, மிளகு போட்ட வடையா, போடாத வடையா என்று கேட்டார். போட்டால்தான் சரி என்பது அவர் கட்சி. இந்த விவாதம் நடக்கும்போதே, இளைப்பாறிய தபாலதிபர் அம்பலவாணன் இன்னொரு சங்கதியைக் கண்டுபிடித்தார். கல்லின் பக்கத்தில் பொறித்திருந்ததைக் கண்ணாடியைக் கழற்றி வாசித்துவிட்டு, இந்த மனிதரை இதற்குள்ளேதான் புதைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். அப்படியானால் இது சிலை இல்லை, சவக்குழி. சவக்குழிக்குப் போனால் வீட்டுக்குப் போய் முழுகவேண்டும். நாங்கள் இதுவரை எத்தனை அபே பார்த்திருக்கிறோம், குகதாசன்? நாலு என்றார் குகதாசன். நாலிலும் நிலத்துக்குக் கீழே ஆட்கள் கிடந்தார்களோ? கிடந்தார்கள். அப்ப நாலு முழுக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அம்பலவாணன் சுவரோரமாகப் போய், எவர்மேலும் மிதிக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

அந்த நேரத்தில்தான் தேவாலயத்தின் காப்பாளர் பெல்லமி வந்தார். கம்பளிச் சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டியிருந்த, ஒல்லியான, எழுபது வயது மனிதர். மாலையைப் பார்த்தார். சிவமலரைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், இது அவ்வளவு உகந்ததல்ல என்று தான் நினைப்பதாகச் சொன்னார்.

லண்டனில் ஆறு வருடம் இருந்த அனுபவத்தில், அது பொலீஸைக் கூப்பிடப் போகிறேன் என்பதா, பரவாயில்லை என்பதா என்று குகதாசனால் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் இவர்கள் ஒரே குரலைத்தான் வைத்திருக்கிறார்கள். தன்னுடைய பெற்றோல் நிலையத்து மனேஜர் ஒரு பையனை வேலையை விட்டு நிறுத்தியபோதும் இதே வசனத்தைத்தான் சொன்னார்.

மாலையைத் தூக்கியபோது பிரபுவின் நெஞ்சில், கூப்பிய கைக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தது. இந்தக் கல் மிருதுவானது, எண்ணெயைக் குடிக்கும் என்றார் பெல்லமி. துடைக்கக் கூடாது, அதற்கென்று படித்த ஒரு பெண் வரவேண்டும். வந்தால் இரண்டு விஷயம் கேட்பார்: என்ன எண்ணெய், என்ன காரணம். தயவு செய்து எழுதித் தர முடியுமா?

குகதாசன் மொழிபெயர்த்தார். எண்ணெயைப் பற்றிக் கேட்டதும் சிவமலரின் முகம் சிவந்தது.

"புது எண்ணெய். சூரியகாந்தி. ஒருக்காப் பொரிச்ச எண்ணெயில ஆரும் நேர்த்திக்கு வடை சுடுவினமோ? அவரிட்டச் சொல்லுங்கோ."

குகதாசன் அதை முழுமையாகவே சொன்னார். பெல்லமி குறித்துக்கொண்டார். காரணம்? சிவமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியிலிருந்து மிஞ்சிய வடை இரண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்துக் காப்பாளரிடம் நீட்டினார். அவர் ஒன்றைக் கடித்தார். பிறகு மற்றதையும் எடுத்தார். அதன் பிறகும் அவருடைய அபிப்பிராயம் வெளிவரவில்லை.

நேர்த்தி என்ற சொல் குகதாசனின் காதில் ஒட்டிக்கொண்டது. நேர்த்தி என்றால் கேட்டது கிடைத்திருக்கிறது. கிடைக்காமல் ஒருவரும் உளுந்து ஊறப்போடுவதில்லை. தான் வாயில் வந்தபடி உண்டாக்கிய ஒரு சாமியிடம் தன் மனைவி எதையோ கேட்டு, அதுவும் கொடுத்திருக்கிறது. தன் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத மனுசி, நம்பியதுதான் நம்பினார், இதைப் போய் நம்பினாரே. பகிடி என்று இனிச் சொன்னால் மனம் நொந்துபோகாதா?

வீட்டுக்குப் போகிற 109-ஆம் இலக்க பஸ்ஸில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"என்ன கேட்டனீர்?"

"அது எனக்கும் வைரவருக்கும்."

"ராஜியின்ர சோதினைக்கோ?" மகள் ராஜி ஓகஸ்டில் நன்றாகப் பாஸ் பண்ணி, லீட்ஸில் பல்கலைக்கழகம் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவள் படிச்சுப் பாஸ் பண்ணினவள். அதுக்கு ஏன் வைரவரைக் கரைச்சல்படுத்துவான்?"

"அப்ப என்ர பிரஷருக்கோ?"

சிவமலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உங்களுடைய பிரஷர் எப்போது குறைந்தது என்று அந்தப் பார்வை கேட்டது.

குகதாசனுக்குத் தன் மனைவியிடமிருந்து நேரான பதில் வராதது புதிதல்ல. இரண்டு வருடமாக அவர் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தார். கனடாவில், ஸ்காபரோவில், அவருடைய தம்பி யோகலிங்கம் வீடு வாங்கியிருந்தான். கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பான். அண்ணை, இங்கே படம் வரைகிற கொம்பனிகள் இருக்கின்றன, நீங்கள் ஏன் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடக்கிறீர்கள் என்பான். அந்த வசனம் குகதாசனுக்குள் எங்கேயோ போய்க் குத்தும். அவர் விண்ணப்பம் போட்டார். போடும்போது மனைவியிடம் கேட்டார். எப்படிக் கேட்டார் என்றால், "பனிக்கட்டிக்குள்ள குடும்பம் நடத்த வாறீரோ?" என்று கேட்டார். இன்னொரு நாள், "துருவக் கரடிக்குப் புட்டு அவிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். சிவமலர் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

"பாப்பம்."

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அது ஓம் ஆகவும் இருக்கலாம், இல்லை ஆகவும் இருக்கலாம், அடுப்பில் பால் பொங்குகிறது பிறகு கதைப்போம் ஆகவும் இருக்கலாம். குகதாசன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார், அதுதான் அவருக்கு வசதி.

மே மாதம் கனடாக்காரர் வருத்தத்துடன் மறுத்துக் கடிதம் போட்டார்கள். குகதாசன் இரண்டு நாள் பகிடி விடாமல் இருந்தார். கடிதம் வந்த அன்று பின்னேரம் சிவமலர் முந்திரிப்பருப்புப் போட்டுப் பாயாசம் காய்ச்சினார். தன்னைத் தேற்றத்தான் என்று நினைத்து மூன்று கிண்ணம் குடித்தார் குகதாசன்.

ஆனால் யோகலிங்கம் விடுகிற ஆள் இல்லை. அண்ணை, இன்னொருக்காப் போடலாம், நான் இந்த முறை வேறு மாதிரி எழுதுவித்திருக்கிறேன் என்று புதிய விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருந்தான். குகதாசன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். மனைவியின் கையெழுத்துக்கு ஒரு கோடு வெறுமையாக இருந்தது. அந்தக் காகிதம் இரண்டு கிழமையாக ரிவிக்கு மேலே கிடந்தது. சிவமலர் ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கித் தூசி துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார்.

காப்பாளருக்கு எழுதவேண்டிய கடிதமும் அதன் பக்கத்தில்தான் கிடந்தது. குகதாசன் நாலு தரம் எழுதினார். எண்ணெய்: சூரியகாந்தி, புதியது. காரணம் என்று எழுதி புள்ளி இரண்டைப் போட்டதோடு பேனா நின்றுவிடும். முதல் கடிதத்தில் இந்து சமயத்தைப் பற்றி இரண்டு பக்கம் விளக்கியிருந்தார், அது பொய்போல இருந்தது. இரண்டாவதில் எல்லாம் தன் பகிடியால் வந்த வினை என்று எழுதினார். அது உண்மை; ஆனால் அந்த உண்மையைச் சிவமலர் வாசித்துவிட்டால் என்று கிழித்தார். கடைசியில், "காரணம்: என் மனைவிக்கும் சேர் ஜெஃப்ரிக்கும் இடைப்பட்டது, எனக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி, தபாலில் போட்டுவிட்டார்.

பத்து நாளில் பெல்லமியிடமிருந்து பதில் வந்தது. கறையைக் கவனித்தாயிற்று, விருப்பமானால் சனிக்கிழமை வந்து பார்க்கலாம், திருமதி குகதாசனையும் அழைத்து வந்தால் மகிழ்ச்சி.

அந்தச் சனிக்கிழமை குகதாசன் புறப்படும்போது விண்ணப்பத்தையும் எடுத்து மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும் என்று யோகலிங்கம் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டான்.

தேவாலயத்தில் வேறு ஒருவரும் இல்லை. மத்தியான வெயில் நிற நிறக் கண்ணாடிகளால் இறங்கி நிலத்தில் கிடந்தது. சேர் ஜெஃப்ரியின் நெஞ்சில் அந்த உள்ளங்கை அடையாளம் போய், தெரிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு மங்கல் மிஞ்சியிருந்தது. அந்தப் பெண் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து மூன்று நாள் பற்றுப்போட்டு எண்ணெயை உறிஞ்சி எடுத்தார் என்றார் பெல்லமி. சிவமலர் அதைக் கவனமாகக் கேட்டார். வீக்கத்துக்குப் பற்றுப்போடுகிற மாதிரித்தான் என்றார் தமிழில். தன் கடிதம் போதுமாக இருந்ததா என்று குகதாசன் கேட்டார். முற்றிலும் போதுமானது என்றார் பெல்லமி, கோப்பில் வைத்திருப்பதாகவும் சொன்னார். அந்த முகத்தில் சிரிப்பு இருந்ததா என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. பிறகு, திருமதி குகதாசன் நிற்கட்டும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, தன் அறைக்குத் தேநீர் போடப் போனார்.

இருவரும் கல்லறைக்கு எதிரே மர வாங்கில் உட்கார்ந்தார்கள். குகதாசன் விண்ணப்பத்தை வெளியே எடுத்தார். மடிப்பை நிமிர்த்தி முழங்காலில் வைத்தார். வழக்கம்போல ஒரு பகிடியோடு தொடங்கலாம் என்று வாயைத் திறந்தார். பனி, கரடி, எஸ்கிமோ எல்லாம் போன பகிடிகள். சேர் ஜெஃப்ரியைப் பார்த்தார், அங்கிருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"மலர், எனக்கு ஒரு பகிடியும் வரேல்லை" என்றார். "நேராக் கேக்கிறன். உமக்குக் கனடாவுக்கு வர விருப்பமோ, விருப்பமில்லையோ?"

சிவமலர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஏதாவது வால் அந்தக் கேள்வியில் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

"இவரிட்ட என்ன கேட்டனான் எண்டு கேட்டீங்கள் எல்லே" என்றார். "கனடாக்காரர் இல்லையெண்டு எழுதவேணும் எண்டு கேட்டனான். எழுதினவை."

குகதாசனுக்கு மூன்று கிண்ணம் பாயாசமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு கணம் கோபப்பட வேண்டும் போல இருந்தது. ஆனால் யாரில் கோபிப்பது? கனடாக்காரரை மடக்கிப் போட்ட சாமியைக் கண்டுபிடித்தது தானேயல்லவா?

"மலர், நான் ஒண்டு சொல்லவேணும்" என்றார். இதற்கு மேல் மறைப்பதில் அர்த்தமில்லை. "அண்டைக்கு நான் பகிடிக்குச் சொன்னது. இவர் வைரவர் இல்லை."

"இது எனக்குத் தெரியாதோ?" என்றார் சிவமலர். "வைரவரிட்டக் கேக்கிறதெண்டா நான் கோயிலுக்கெல்லோ போயிருப்பன்."

"பின்னை ஏன் இந்த மனுசனிட்டக் கேட்டனீர்?"

சிவமலர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். சுன்னாகம், வெள்ளவத்தையில் இரண்டு, எண்பத்து மூன்றில் அகதி முகாம், திரும்பவும் சுன்னாகம், கோடம்பாக்கத்தில் மூன்று, டூட்டிங்கில் ஓர் அறை, பிறகு அங்கேயே ஒரு மாடி வீடு, இப்போது நோர்பரி. ஒரு கை முடிந்து, மற்றக் கையும் முடிந்து, திரும்ப முதல் விரலுக்கு வந்தது.

"பதினொரு இடத்தில அடுப்பு மூட்டிப்போட்டன். மூண்டு தையல் மெஷின் விட்டிட்டு வந்தனான். இப்ப லோன்றிக் கடையில நான் தைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில என்ர பேர் எழுதி ஒட்டியிருக்கினம்." அவர் சேர் ஜெஃப்ரியைக் காட்டினார். "இந்தாள் அறுநூறு வருஷமாப் படுத்த இடத்தை விட்டு அசையேல்லை. மூக்கை உடைச்சும் அசையேல்லை. நான் கேக்கிறது இவருக்குத்தான் விளங்கும் எண்டு நினைச்சன். வடை, சும்மா மரியாதைக்கு."

உள்ளே எங்கேயோ கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. குகதாசன் முழங்காலில் இருந்த காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வெறுமையாக இருந்த அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப, நீர் வரமாட்டீர்" என்றார்.

"மாட்டன்" என்றார் சிவமலர்.